அஞ்சலை வாயில் இருந்த அரிசி

ஐப்பசி 6, திங்கள்

அடைமழை. குத்தாலம் பஸ் முக்கால் மணி தாமதம். குடையில் ஒரு கம்பி போச்சு. வீட்டுக்கு மண்ணெண்ணெய், மறக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் மலப் பரிசோதனை பதினொன்று. ஏழில் கொக்கிப்புழு முட்டை. நடவுக் காலத்தில் வழக்கம்தான். முட்டை இருந்த கடைசிச் சீட்டில் பெயர்: அஞ்சலை, வயது 26. எங்கள் ஊர். சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

இரத்தம் எடுப்பது என் வேலை. வயிற்று வலி என்று பொய் சொல்லிக் கம்பவுண்டரை அனுப்பினேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஸ்லைடே இல்லை.

டாக்டரம்மா கேட்டது காதில் விழுந்தது. “மண்ணு, பச்சரிசி, இந்த மாதிரி எதாச்சும் திங்கணும்னு தோணுதாம்மா?”

“இல்லீங்க. சத்தியமா இல்லீங்க.”

“இதுல என்ன இருக்கு? சும்மா சொல்லு.”

“நா எதையும் எடுக்கலீங்கம்மா.”

கேட்டது ஒன்று, பதில் வேறு. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஹீமோகுளோபின் நாலரை. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். இதோடு எப்படி நடந்து வந்தாள்?

ஐப்பசி 7, செவ்வாய்

தூறல். குடை ரிப்பேர் ஆகவில்லை.

எழுதிவிடுகிறேன். போன மாசி. எங்கள் வீட்டுக் கொல்லையில் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை எதையோ மென்றாள். அண்ணன் பார்த்துவிட்டார். கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். அவள் புருஷன் மாரிமுத்து சங்கத்தில் முன்னால் நிற்கிறவன். அண்ணனுக்கு அது போதும்.

“திருடித் திங்கவும் சங்கத்துல கத்துக்குடுத்தாங்களா?” என்றார்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போனவன் நான். “வாயத் தொற” என்றேன். திறந்தாள். அரிசி. அரிசியோடு ஒரு மண் உருண்டை. பத்துப் பேர் பார்த்தார்கள். நான் சிரிக்க வேறு செய்தேன். “மண்ணுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா பாருங்க” என்றேன்.

அந்த நாக்கு வெளுத்துப்போய்க் கிடந்தது. இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அன்று அரிசியை மட்டும்தான் பார்த்தேன்.

லேப் பயிற்சிப் பரீட்சையில் நான் எழுதிய விடை இன்னும் மனப்பாடம். வரப்போரம் மலத்தில் முட்டை. ஈர மண்ணில் குஞ்சு பொரிக்கும். வெறுங்கால் விரலிடுக்கில் துளைத்து நுழையும். (சேற்றுப்புண் என்று மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுபடி வயலில் இறங்குவார்கள்.) இரத்தத்தோடு நுரையீரலுக்கு, அங்கிருந்து தொண்டை, குடல். குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். உடம்பு சும்மா இருக்காது. மிச்சமிருக்கிற இரத்தத்தைச் சுற்றவிட இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். மூச்சு இரைக்கும், கை ஓடாது. மண், பச்சரிசி, சாம்பல் மேல் அடக்க முடியாத ஆசை வரும்.

இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க்.

அந்த மாசிக்கு முந்தின நடவில் அவள் பின்தங்கியபோது, “வேணும்னே மெதுவா நடுறா” என்று வரப்பில் நின்று சொன்னதும் நான்தான். காலில் செருப்போடு.

ஐப்பசி 9, வியாழன்

மழை இல்லை. வாய்க்கால் கரை வரை தண்ணீர்.

கம்பவுண்டர் பேச்சுவாக்கில் சொன்னது: மாசியிலிருந்து எந்தப் பண்ணையிலும் அவளை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. மாரிமுத்துவும் முகங்கொடுத்துப் பேசுவதில்லையாம். சங்கத்தின் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று கோபம். அவனே நம்பிவிட்டான்.

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். “அது திருட்டு இல்லண்ணே. சீக்கு. இரத்தமில்லாதவங்களுக்கு அப்படித்தான் வரும்.”

“சீக்குன்னா மாத்திரை குடு. யாரு வேணாங்கறா?”

“ஊர்ல திருடின்னு பேராயிருச்சு. நாமதான் சொல்லணும்.”

“வெளியூர் ஆள எறக்கி நடவு நடக்குது. இப்பப் போயி தப்பு நம்மளுதுன்னா, நாளைக்கே நம்ம வாசல்ல கொடியோட வந்து நிப்பாங்க. பேசாம சாப்புடு.”

பேசாமல் சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டேன். வெட்கங்கெட்ட வயிறு.

ஐப்பசி 10, வெள்ளி

அவள் மறுபடி வருவது திங்கள். சொல்ல வேண்டியது:
– அது திருட்டு இல்லை.
– மாரிமுத்துவை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். (புருஷனோடு வரச் சொல்லிக் கம்பவுண்டர் மூலம் சொல்லியனுப்பியாச்சு.)
– மன்னிப்பு. எந்த வார்த்தையில்?

மண்ணெண்ணெய் இன்றும் மறந்தாச்சு.

ஐப்பசி 13, திங்கள்

வெயில். பஸ் நேரத்துக்கு வந்தது.

பத்தரைக்கு வந்தாள், மாரிமுத்துவோடு. இந்தத் தடவை நானே ஊசியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான் வேலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளே வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். விரலால் கன்னத்தை இழுத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மாரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. அவனிடம் சொன்னேன். “மாரிமுத்து, அன்னிக்கி அவ திருடல. இது புழுவால வர்ற சீக்கு. ஒடம்புல இரத்தம் கொறஞ்சா அரிசியும் மண்ணும் திங்கச் சொல்லும். அவ மேல தப்பே இல்ல. தப்பு எம்மேல.”

அவன் தரையிலிருந்து நிமிர்ந்தான். பிறகு கேட்டான். “இது அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா, சின்னய்யா?”

“படிச்சிருந்தேன்” என்றேன்.

அஞ்சலை இன்னும் வாயை மூடவில்லை. நான் பார்த்து முடிக்கக் காத்திருந்தாள்.