அம்மாவின் கல்வெட்டில் ஒரு வரி

ஹரோ, லண்டன்,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு மகள் சிவரூபினி எழுதுவது,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? சலரோகக் குளிசையை நேரத்துக்கு எடுங்கள்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கிரேஸ் ஆபிரிக்காக்காரி. அவளுடைய நாட்டை நெடுங்காலம் ஆண்ட முன்னாள் ஜனாதிபதி காலமாகிவிட்டார். இங்கே ஒரு மண்டபத்தில் அனுதாபப் புத்தகம் வைத்திருந்தார்கள். துணைக்குப் போனேன். வந்தவர்களில் பாதிப் பேர் அழுதார்கள், மற்றவர்கள் ஏசினார்கள். கிரேஸ் இரண்டையும் எழுதினாள்: "நீங்கள் கட்டிய பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன், நன்றி. உங்களைக் குறை சொன்னதற்காக என் மாமாவை ஆறு வருடம் மறியலில் அடைத்து வைத்தீர்கள். அதையும் மறக்கவில்லை."

நான் பதறிப்போனேன். "செத்தவரை இப்படி எழுதலாமோ?" என்றேன்.

"பாதியை விட்டால் அது அவர் இல்லை, வேறு யாரோ," என்றாள்.

ஊரில் எத்தனை பேரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, செத்தவரைப் புகழ்ந்து அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பீர்கள்! ஒன்றிலும் ஒரு குறை இராது. விசா இல்லாமல் நான் வர ஏலாமற்போன அம்மாவின் அந்தியேட்டிக்கும் நீங்களே எழுதி, எனக்கும் ஒன்று அனுப்பினீர்கள். அந்தப் புத்தகம்தான் என் ஆறுதல் அப்பா, எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் "பொறுமையின் உறைவிடம்" என்ற இடத்தில் அம்மாவைக் காணவில்லை.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது அம்மாவின் கல்வெட்டில் இன்னொரு பிரதியும் வையுங்கள். அம்மா அகப்பைக் காம்போடு என்னைத் துரத்தியதை அதில் உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது. எனக்கு அம்மாவிடம் ஏச்சு வாங்கவேண்டும்போல் இருக்கிறது.

உங்கள் மகள்,
சிவரூபினி