பேர் மாறினாலும் பிறந்த பைப்

மச்சான்,

இன்று காலை பெங்களூர் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கருவாட்டு டப்பாவைத் திறந்தார். பெட்டியே மூக்கைப் பொத்தியது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ டப்பாவைத் திறந்தால் நம் ஏசி ஆபீசில் மூன்று மாடி காலியாகும்; பறவைகள் கூட ஊரை மாற்றிக்கொள்ளும்.

ஆனால் நேற்று ஆபீசில் நடந்தது அதைவிட நாறியது.

எச்சரிக்கைச் செய்திகளுக்காக நீ ஒரு புரோகிராம் எழுதினாயே. ஒரு பக்கம் செய்தியை ஊற்றினால் மறுபக்கம் வேறொரு புரோகிராம் பிடித்துக்கொள்ள ஒரு பைப். பார்வைக்கு ஃபைல், உள்ளே ஒன்றும் தங்காது. அதை உண்டாக்க, அது இருக்கவேண்டிய இடத்தின் முழுப் பாதையை நீ எழுதவில்லை. டைரக்டரியை, அதாவது ஃபோல்டரை, முதலில் திறந்து பிடித்துக்கொண்டு, ‘இதற்குள் உண்டாக்கு’ என்று கேட்கும் ‘சிஸ்டம் கால்’ ஒன்றைப் போட்டாய். எம்.கே.நாட்.அட். யாரோ இருமுகிற மாதிரி ஒரு பெயர்.

“எதுக்கு மச்சான் இவ்ளோ சுத்து?” என்று கேட்டேன்.

“இன்னாடா நீ, கேஜிஎஃப்காரன் கேக்கற கேள்வியா இது? நம்மூர்ல எவன் தெருப் பேரு சொல்றான்? தங்கச் சுரங்க ஷாஃப்ட்ட காட்டி, அங்கேர்ந்து மூணாவது வீட்டு லைனுன்றோம். பேர மாத்திக்கினே இருக்கட்டும், ஷாஃப்ட்டு எங்க போவும்?”

உன் கல்லறை மண்ணின் ஈரம் காயவில்லை, புது டீம் லீட் ‘சுத்தம் செய்கிறேன்’ என்று அந்த வரியைத் தூக்கிவிட்டு, ரயில் நீளத்துக்கு முழுப் பாதையை எழுதினான். நேற்று புரோகிராம் ஓடும்போதே யாரோ டைரக்டரியின் பேரை மாற்றிவிட்டார்கள். பைப் பிறக்கவில்லை. ஒரு எச்சரிக்கையும் போகவில்லை.

மீட்டிங்கில் அவன் கண் சிமிட்டாமல் சொன்னான்: “அவரு எழுதின பழைய கோடு அங்கிள், படுத்துடுச்சு. ஃபைல்ல அவரு பேர்தானே இருக்கு?”

சீ! நம்மூர்ச் சுரங்கம் கக்கிய சயனைடு மேடுகள் அத்தனையையும் ஒரே மூச்சில் உறிஞ்சி வளர்ந்த எனக்கே மூக்கைப் பொத்தத் தோன்றியது. செத்தவன் மறுத்துப் பேச மாட்டான் என்கிற தைரியம்!

எல்லார் முன்னாலும் உன் வரியைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். ஓட ஓட டைரக்டரியின் பேரை மாற்றினேன். கடைசியில் அவன் பேரையே வைத்தேன். ஒவ்வொரு முறையும் பைப் சமத்தாக உள்ளேயே பிறந்தது.

“இப்ப சொல்லு தம்பி, யாரு கோடு படுத்துச்சு?”

“சாரி அங்கிள், பழசே இருக்கட்டும்.”

உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு. என்னிடம் கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனான்.

இன்று அந்த ஃபைலைத் திறந்து, உன் பேருக்குக் கீழே என் பேரையும் தட்டினேன். இனி எவன் பழி போட்டாலும் உயிரோடு இருக்கிற ஒருவனையும் சேர்த்துத்தான் போடவேண்டும்.