ஆள் லோடு

ஏப்ரல் 9, 2001. திங்கள்.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை இயக்கியவன் நான். சுரங்கத்தை மூடியபின் கிடைத்தது லாரி ஓட்டும் வேலை. இன்று காலை முதலாளியிடம், "இன்னா லோடு?" என்று கேட்டேன்.

"ஆள் லோடுப்பா. பெங்களூர்ல தினம் போய் வர்ற கட்டட வேலை. போலீஸ் பாக்காம தார்ப்பாய் போட்டு மூடு."

சுரங்கத்தில் கேஜில் ஆள் ஏறினால் ஒரு விதமாக மணி அடிப்பார்கள், கல் ஏறினால் வேறு விதமாக. ஆளை யாரும் லோடு என்றதில்லை.

தார்ப்பாயைக் கட்டும்போது உள்ளேயிருந்து என் மச்சான் குரல். "மாமா, கொஞ்சம் காத்து வர்ற மாதிரி கட்டுங்க."

ஒரு மூலையைத் தளர்த்தினேன். முதலாளி வந்து இறுக்கிவிட்டார். நான் போய் வண்டியை எடுத்தேன்.

இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தபடியே மெதுவாக ஓட்டினேன். பெங்களூரில் மச்சான் வியர்த்து விறுவிறுத்து இறங்கினான்.

"நாளைக்கும் நீங்களே வாங்க மாமா. வேற டிரைவர்னா தூக்கித் தூக்கிப் போடுவான்."

சரி என்று சொல்லிவிட்டேன்.