அம்மா கையெழுத்துப் போடாத பத்திரம்

ஆரணி,
9.6.1997

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். விடுதிச் சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாள். நன்றாக இருக்கிறது என்று நீ எழுதினாலும் நம்பமாட்டாள். அதனால் சுருக்கமாக எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பன்னீர்செல்வம் முதலாளி கடையை விற்றுவிட்டு, மகனோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். வாங்கியவர் செய்யாறு ரோட்டில் தறிக்கூடம் கட்டியிருக்கிற தனகோடி. அலமாரி, தராசு, பட்டுநூல் ஸ்டாக்கு எல்லாம் கைமாறியதில் நானும் சேர்ந்து கைமாறியிருக்கிறேன். தராசுக்கு அடுத்தபடி என் பெயர் இருந்திருக்கும் போல.

சிரிக்காதே. போன ஆயுதபூஜைக்கு முதலாளி பாயசத்தோடு ஒரு பத்திரமும் நீட்டினார். மூன்று வருஷம் அவருக்கு மட்டுமே நெய்வேன் என்று அதில் இருந்ததாம். நான் எட்டாவது வரை படித்தவன், படித்துப் பார்த்திருக்கலாம். ஒரு கையில் பாயசம் இருந்தது. இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது தனகோடி சொல்கிறார்: "அவருக்கு நெய்யறேன்னு எழுதிக் குடுத்தே இல்ல, அவரு எனக்கு மாத்திக் குடுத்துட்டாரு. வர்ற திங்கக்கெழமை கூடத்துக்கு வந்துடு. வீட்டுத் தறியைக் கழட்டி வச்சிடு." அங்கே மணி அடித்தால் உட்கார வேண்டும், மணி அடித்தால் எழ வேண்டும். கரை நூலை ஓட்டுகிற நாடாக் கட்டையை வீச அவரே ஒரு ஆளை வைப்பாராம்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. கோர்வைப் புடவை இரண்டு பேர் வேலை என்று உனக்குத் தெரியும். உடலுக்கு நான் நாடா வீச, கரைக்கு உன் அம்மா வீச, இரண்டு நிறமும் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு வளரும். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரே தறியில் சண்டை போட்டுக்கொண்டே நெய்கிறோம். வேறொருவன் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் யாரோடு சண்டை போடுவது? அம்மா வாயே திறக்கவில்லை. தன் நாடாவைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

சட்டம் படிக்கிறவள் நீ. இரண்டாம் வருஷத்துக்குள் இதெல்லாம் வந்துவிட்டதா?

இப்படிக்கு உன் அப்பா,
தனகோடி வசம் உள்ள மாணிக்கவேல்


சென்னை,
13.6.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒப்பந்தச் சட்டம் முதல் வருஷமே வந்துவிட்டது. பாஸும் பண்ணிவிட்டேன். ஆனால் பாடத்தில் வந்ததெல்லாம் சரக்குக் கப்பல்காரர்கள். அதில் என் அப்பா வருவார் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அம்மா நாடாவைத் துடைக்கிறாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

சில விஷயம் தெரிய வேண்டும். உங்களை மாற்றிக் கொடுப்பதற்கு முன் பன்னீர்செல்வம் உங்கள் சம்மதத்தைக் கேட்டாரா? அவரிடம் வாங்கிய முன்பணம் ஏதாவது பாக்கி நிற்கிறதா? பத்திரத்தில் யார் யார் கையெழுத்து இருக்கிறது?

பதில் வரும்வரை கூடத்துக்குப் போகாதீர்கள். முக்கியமாக, உங்கள் மூளையை உபயோகித்து எதையும் செய்துவிடாதீர்கள் அப்பா.

அம்மாவுக்கு: சாப்பாடு பரவாயில்லை.

உங்கள் அன்பு மகள்,
தேவி


ஆரணி,
18.6.1997

அன்பு மகள் தேவிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூளையை நான் திங்கட்கிழமையே உபயோகித்துவிட்டேன்.

நடந்ததைக் கேள். பன்னீர்செல்வம் என்னை இன்னொருவருக்கு மாற்றிவிடலாம் என்றால், நான் என் வேலையை இன்னொருவனுக்கு மாற்றிவிடக் கூடாதா? நியாயம் சரியாகத்தானே இருக்கிறது? வேர்க்கடலை விற்கத் தேவிகாபுரத்திலிருந்து உன் தருமன் மாமா வந்திருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் லுங்கி நெய்தவன். "எனக்குப் பதிலா நீ போய் உக்காரு" என்று கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். அவனும் சந்தோஷமாகத் தலை வாரிக்கொண்டு போனான்.

அவன் நெய்ததைத் தூக்கிப் பார்த்தால் கரை வேறு, உடல் வேறாகப் பிரிந்து, கரை மட்டும் தோரணம் மாதிரி தொங்கியதாம். தனகோடி ஸ்கூட்டரில் நம் தெருவுக்கே வந்துவிட்டார். தண்ணீர் பிடிக்க நின்ற தெரு முழுக்க வேடிக்கை.

"யோவ் மாணிக்கவேலு, இன்னா வெளையாடறியா? இவன் கையை எவன்யா கேட்டான்? உன் கையை நம்பித்தானே பத்திரம். நீயே நெய்யணும், வேற எவன் நெய்ஞ்சாலும் செல்லாது."

"நானும் நெய்யறவன்தாங்க," என்றான் தருமன்.

"நீ கடலை வித்துகினு இரு," என்றார்.

அம்மா அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "இன்னாங்க, இருக்கற பேஜாரு பத்தாதுன்னு என் தம்பியையும் சந்தி சிரிக்க வச்சீங்களா?" திட்டியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: சம்மதம் யாரும் கேட்கவில்லை. முன்பணம் முன்பே கழிந்துவிட்டது. பத்திரத்தில் முதலாளி கையெழுத்து, என் கையெழுத்து, சாட்சிக்கு எதிர்வீட்டுக் குப்புராஜ். அம்மா கையெழுத்து இல்லை. அவளை யார் கேட்டார்கள்?

தப்புச் செய்துவிட்டேனா என்று எழுது. ஆம் என்றால் சுற்றிவளைத்து எழுது.

அப்பா


சென்னை,
22.6.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

தப்புத்தான் செய்தீர்கள். ஆனால் இதைவிட நல்ல தப்பு யாராலும் செய்ய முடியாது.

வரவேண்டிய பணத்தை, சரக்கை வாங்கும் உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். உங்களிடம் முன்பணம் நின்றிருந்தால் அதைக் கேட்கும் உரிமை தனகோடிக்குப் போயிருக்கும். ஒரு மனிதனின் கைத்திறமையை நம்பிச் செய்த ஒப்பந்தம் அப்படியில்லை. உங்களுக்குப் பதில் நீங்கள் தருமன் மாமாவை உட்கார வைக்க முடியாது. அதே காரணத்துக்காக, உங்களைக் கேட்காமல் பன்னீர்செல்வம் தன் இடத்தில் தனகோடியை உட்கார வைக்கவும் முடியாது. இது கைத்திறமை ஒப்பந்தம்தான் என்பதை நாம் எப்படி நிரூபிப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவரே தெருவில் நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் பேராசிரியை அபிதகுசாம்பாள் அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பா எந்தக் காலேஜ்?" என்று கேட்டார்.

அடுத்தது அம்மா. அந்தப் பத்திரத்தில் அம்மா மூன்றாம் ஆள். கையெழுத்துப் போடாதவரை அது கட்டுப்படுத்தாது. அம்மாவின் கையை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்றாம் ஆளுக்கு அந்த ஒப்பந்தத்தின் பேரில் எதையும் கேட்கும் உரிமையும் சாதாரணமாகக் கிடையாது. இத்தனை வருஷம் கரை போட்டதற்கு அம்மா பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் தேவி


ஆரணி,
30.6.1997

அன்பு மகள் தேவிக்கு,

ஜெயித்துவிட்டோம். இனி மெதுவாகப் படி.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். கடைசிப் பகுதியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து நல்ல புடவை கட்டிக்கொண்டு, "கெளம்புங்க, ஜல்தி," என்றாள்.

தனகோடி கடையில் அவருடைய வக்கீலும் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் நான் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் வணக்கம் மட்டும்தான் ஞாபகம் வந்தது. அம்மா பேசினாள்.

"ஏங்க, இவுரு கைக்குத்தான் பத்திரம், வேற எவன் கையும் செல்லாதுன்னு எங்க தெருவுல சொன்னீங்களே. அப்போ வேற முதலாளி மட்டும் எப்படிங்க செல்லும்? இவுர ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வக்கீல் நிமிர்ந்தார். "அப்படியா சொன்னீங்க?"

"கோவத்துல சொன்னேன் சார்."

"எத்தினி பேரு கேட்டாங்க?"

"தெருவே கேட்டுது. அதுவும் தண்ணி வர்ற நேரம்," என்றேன். என் பங்குக்கு அது ஒன்றுதான்.

வக்கீல் பத்திரத்தை மடித்துத் தனகோடி பக்கம் தள்ளினார். "இத வச்சிகினு இவர இழுக்க முடியாதுங்க. புடவை வேணும்னா அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்குங்க."

தனகோடி வியாபாரி. ஆவணி முகூர்த்தத்துக்குக் கோர்வைப் புடவை ஒப்புக்கொண்டிருக்கிறார். சோடா வரவழைத்தார். "சரி மாணிக்கவேலு, வூட்டுலயே நெய்யி. புதுசா எழுதிக்கலாம்."

நான் சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அம்மா என் சோடாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"எழுதுங்க. ஆனா ரெண்டு பேரு கைன்னு எழுதுங்க. உடலுக்கு இவுரு, கரைக்குத் திலகவதி. கரைக் கூலி என் பேருல தனியா வரணும். எங்களக் கேக்காம யாருக்கும் மாத்திக் குடுக்கக் கூடாது. அதையும் எழுதுங்க."

"கரைக்குப் போய்த் தனியா பேரா?"

"கரை இல்லாம புடவை வேணும்னா தருமன்கிட்ட குடுங்க."

வக்கீலே சிரித்துவிட்டார். தனகோடியும் கடைசியில் சிரித்தார், வேறு வழியில்லாமல். எழுதினார்கள். அம்மா ஒவ்வொரு வரியையும் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முதல் கையெழுத்து அவளுடையது. திலகவதி என்று நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். வக்கீல், தனகோடி, நான், மூன்று ஆண்களும் காத்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு அழகாக எழுதுவாள் என்று எனக்கே தெரியாது.

இரண்டு நாளில் சேதி பரவிவிட்டது. குப்புராஜ் பெண்சாதியும் இன்னும் நாலைந்து வீட்டுப் பெண்களும், எங்கள் பேரையும் எழுது என்று தனகோடி கடைக்குப் போய்விட்டார்கள். சட்டம் தெரிந்தவன் என்று என்னைத் தேடி வருகிறவர்களை நான் உள்ளே அம்மாவிடம் அனுப்புகிறேன். தருமன் மட்டும் வெற்றி முழுக்கத் தன்னுடையது என்கிறான். "நான் நல்லா நெய்ஞ்சிருந்தா நீ இந்நேரம் கூடத்துல இருந்திருப்பே மாமா," என்கிறான். யோசித்தால் உண்மைதான். வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

அம்மாவுக்கும் எனக்கும் இன்று காலையிலிருந்து பேச்சில்லை. கரைக்கு மாம்பழ மஞ்சள் என்கிறேன், அரக்குத்தான் என்கிறாள். கரை தன் பெயரில் இருக்கிறதாம். பத்திரத்தைப் பார்க்கச் சொல்கிறாள்.

இதோ, போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டாள். நான் உடலுக்கு வீசாமல் அவள் கரைக்கு வீச முடியாது. வாயால் கூப்பிடவும் மாட்டாள். நாடாவால் தறிக்கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். போகிறேன்.

உன் அப்பா,
மாணிக்கவேல்
(உடல் மட்டும்)