கல்லறை மெழுகில் வெள்ளோட்டம்

கல்லறைத் திருநாளுக்கு நானும் வந்திருந்தேன். உன்னுடையது இன்னும் மண்மேடுதான், சிமெண்ட் பூசவில்லை. உன் அக்கா அதைச் சாமந்தியால் மூடி, சுற்றிலும் மெழுகுவர்த்தி நட்டிருந்தார். காற்று இல்லை. மெழுகு உருகும் வாசனை வந்தது. எல்லோரும் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அம்பத்தூரில் நம் ஷெட் நினைவுக்கு வந்தது.

போன வருடம், திருநாளுக்கு மறுநாள், இதே கல்லறைத் தோட்டத்திலிருந்து எரிந்து மிஞ்சிய மெழுகைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தாய். எப்படியும் குப்பைக்குத்தான் போகும் என்றாய். அதுவரை இரும்பைச் செதுக்கும் நம் மில்லிங் மெஷினுக்கான கட்டளைகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். பம்பு கம்பெனியிலிருந்து வளைவும் நெளிவுமாக ஒரு பாகம் வந்தது. அதற்குக் கையால் எழுதி மாளவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் முழு உருவத்தைப் பார்த்து, வெட்டும் டூல் எந்த வழியாக நடக்க வேண்டும் என்று தானே கணக்கிடும் சாஃப்ட்வேர் ஒன்று தேவைப்பட்டது. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

இரண்டைச் சோதனைக்கு வாங்கினோம். ஒன்றுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாய்: பளபளப்பான திரை, விற்க வந்தவருக்குக் கசங்காத சட்டை. இன்னொன்று மெக்கானிக்: பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் உள்ளே எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். ஒரே உருவத்தை இரண்டிலும் கொடுத்து, மெழுகுக் கட்டியில் வெட்டிப் பார்த்த பிறகே முடிவு என்றாய்.

“ஸ்கிரீன்ல எல்லாமே வெட்டும் மச்சான். மெழுவுல வெட்டட்டும், பாக்கலாம்.”

முதல் கட்டி வெட்டுப்படவே இல்லை. டூலில் அல்வா மாதிரி சுற்றிக்கொண்டது. வெறும் மெழுகு ஆகாது, பிளாஸ்டிக் கலக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தாய். உன் வீட்டுப் பால் கவர்கள், என் அயனம்பாக்கம் ஃபிளாட்டின் பால் கவர்கள், எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து மெழுகோடு உருக்கினோம். ஷெட் முழுக்கப் புகை. பக்கத்து ஷெட்காரர் எட்டிப் பார்த்து, யாருக்கு மாமே திதி என்று கேட்டார். சிரித்தோம். இருமிக்கொண்டே சிரித்தோம்.

அந்தக் கட்டி நன்றாக வெட்டுப்பட்டது.

மாப்பிள்ளையின் வழியில் வெட்டியபோது ஒரு மேட்டின் விளிம்பு சீவிப் போயிருந்தது. திரையில் அப்படி இல்லை. திரையில் டூல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேர்கோட்டில் தாவியது. நம் பழைய மெஷின் நேராகத் தாவாது. கோணலாகக் கிளம்பி, பாதியில் மடங்கித் திரும்பும். அந்த மடக்கில் மேடு சிக்கிக்கொண்டது. இரும்பாக இருந்திருந்தால் டூல் உடைந்திருக்கும்.

“நம்ம கெழவி எப்டி நடப்பான்னு இதுக்குத் தெரில.”

மெக்கானிக்கும் அதே தப்பைத்தான் செய்தது. ஆனால் மெஷினின் பாஷைக்கு மாற்றித் தரும் கோப்பை அதில் நாமே திறக்கலாம். நீ திறந்தாய். திருத்தினாய். மாப்பிள்ளையில் அது பூட்டு. போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது உன் குணமில்லை. எனக்கோ, கூப்பிட்டால் வர ஓர் ஆள் வேண்டும். இதற்காக டீக்கடையில், பஸ்ஸில், உன் அக்கா வீட்டுச் சாப்பாட்டில்கூட வாதாடினோம். முடிவு செய்யவில்லை. தைக்குப் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் வளைவான வேலைகளைத் திருப்பி அனுப்பினேன். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. இப்போது பம்பு கம்பெனிக்காரர் பொறுமை இழந்துவிட்டார். இந்த மாதம் செய்யாவிட்டால் வேலை வேறு இடத்துக்குப் போகும். அது போனால் ஷெட்டை மூடலாம்.

மெக்கானிக்கை வாங்குவது என்றுதான் கல்லறைக்கு வரும்வரை நினைத்திருந்தேன். உனக்குப் பிடித்தது. உனக்கு ஏதாவது செய்த மாதிரி இருக்கும்.

மெழுகுவர்த்திகள் அணைந்த பிறகு உன் அக்கா துண்டுகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு நீட்டினார். “எட்துக்கினு போப்பா. அவன் இருந்தா உடுவானா?” அந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவனுக்குப் பிடித்ததையே வாங்கப்போகிறேன் என்றேன். அது ரிப்பேர் ஆகுமா என்றார். ஆகும், அவன் சரி செய்வான் என்றேன். செய்வான் என்றுதான் சொன்னேன்.

அக்கா கவரைத் திரும்ப வாங்கி, வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

“இனிமே யாருப்பா செய்வா?”

அதற்கு முந்தைய வாரம் முழுக்க நீ திருத்திய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக்கின் புதிய பதிப்பில் அது ஓட மறுத்தது. வரிகளுக்கு நடுவே நீ விட்டிருந்த ஒரே குறிப்பு: தொட்டா கெட்ட. தொடவில்லை. தொடத் தெரியவில்லை. நீ தேர்ந்தெடுத்தது சரி. நீ இருக்கும் ஷெட்டுக்குச் சரி.

மாப்பிள்ளையை வாங்கினேன்.

விற்க வந்த அதே கசங்காத சட்டைக்காரர் வந்தார். நம் மெஷின் தாவும் விதத்தை விளக்கினேன்: கோணலாகக் கிளம்பும், பாதியில் மடங்கும், அதனால் முதலில் மேலே தூக்கிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். உன் வார்த்தைகள் எல்லாம் என் வாயில் வந்தன, கெழவி மட்டும் இல்லை. அவர் எழுதிக்கொண்டார். திருத்திய கோப்புக்காகக் காத்திருந்தேன். வந்தது. மெழுகில் ஓட்டினேன். மேடு தப்பியது.

பிறகு இரும்பு. நீ முதல் துண்டுக்கு எப்படி நிற்பாயோ அப்படி நின்றேன்: முகம் மெஷினின் கண்ணாடிக் கதவுக்கு அருகில், கட்டைவிரல் நிறுத்தும் பொத்தான் மேல். டூல் அந்த மூலைக்கு வந்தது. தூக்கியது. கடந்தது. இறங்கியது. எதையும் தொடவில்லை. பாகத்தைக் கழற்றி அளந்தேன். சரியாக இருந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது.

இனிமேல் நம்பலாம் சார் என்றார் சட்டைக்காரர்.

நம்பலாம்தான். அடுத்த துண்டை மாட்டி ஓட்டினேன். அது முடியும்வரை கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.