கொடிமலை ரயில்

1959 ஜனவரி 4, ஞாயிறு

விடாத மழை. சிங்கப்பூரில் எங்கள் ஜாலான் புசார் தெருவில் வெள்ளம். அப்படியும் என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்: பினாங்கு செல்வராஜ், அவருடைய அக்கா. செல்வராஜுக்கு அந்த ஊர்க் கொடிமலை ரயிலில் பிரேக் பிடிக்கும் வேலை.

அம்மா, “அது என்ன ரயில்?”

“மலை ஏறுற ரயிலுங்க. வண்டியில இஞ்சின் கிடையாது. மேல இருந்து இரும்புக் கம்பி இழுக்கும்.”

“ஃபனிகுலர் லா,” என்றான் அண்ணன்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா போனது துறைமுகத்தில், பாரந்தூக்கியின் கம்பி அறுந்து. பாவம், செல்வராஜுக்கு எப்படித் தெரியும்.

ஜனவரி 5, திங்கள்

அம்மா காலையிலேயே அண்ணனிடம்: “ஒரு கம்பிய நம்பினது போதும். வேண்டாம்னு சொல்லிடு.” அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். நானும்.

ஆபீஸ். தட்டச்சில் ஏகப்பட்ட பிழை. ஃபனிகுலருக்குத் தமிழில் என்ன? கம்பி ரயில். இழுவை ரயில். இரண்டு பெட்டி, ஒரே கம்பி. ஒன்று ஏற மற்றது இறங்குமாம். நடுவழியில் விலகி வழிவிடுமாம். அந்த ஒரு கணம் சன்னலுக்குச் சன்னல் முகங்கள். தராசு ரயில்?

ஜனவரி 6, செவ்வாய்

மழை விட்டது. ஊர் திரும்புமுன் செல்வராஜ் தனியாக வந்தார். அண்ணன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அம்மா நேராகவே கேட்டார்.

“கம்பி அறுந்தா?”

“நிறுத்தறதுக்குத்தாங்க நான் வண்டியில நிக்கிறேன்.”

“பயமில்லையா?”

“முதல் மாசம் இருந்துச்சு. ராத்திரி தூக்கத்துலகூட பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன்.”

மலை ஏறும்போது வெளியே என்ன தெரியும் என்று நான் கேட்டுவிட்டேன். என்னைப் பார்த்தார்.

“காலையில மேகம் பெட்டிக்குள்ள வந்துரும். பக்கத்துல யாருன்னே தெரியாது.”

அவர் போனபின் அம்மா காப்பி டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு அண்ணனிடம், “பினாங்குக்கு டிக்கெட் எடு. நான் ஏறிப் பாக்கணும்.”

ஜனவரி 10, சனி

வீட்டில் நான் மட்டும். அம்மா இப்போது மலைமேல் இருப்பார். துணி மடித்தபடியே நானும் ஏறினேன். மரங்கள் சாய்ந்து நின்றன. கீழே கடல். வெள்ளையாக ஏதோ உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

வந்துவிட்டார்கள். அண்ணன் ரகசியமாக: “அம்மா உக்காரவே இல்ல. செல்வராஜ் கையையே பாத்துக்கிட்டு மேல வரைக்கும் நின்னாங்க.”

அம்மா குளித்தார், சாப்பிட்டார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே அவரே சொன்னார்.

“பொங்கல் முடியட்டும். உனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கணும். மேல நல்ல குளிரு.”