உன் நம்பர் போட்ட கட்டை

உன் போன் இன்று காலை அடித்தது. நான் குப்பை பிரித்துக்கொண்டிருந்தேன். பால் கவர் ஒரு பக்கம், ஷாம்பு பாக்கெட் ஒரு பக்கம், நாப்கின் ஒரு பக்கம் என்று எடை போட்டுக் குறித்துக்கொண்டு. என் ஆராய்ச்சியின் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. கையுறையை உதறிவிட்டு ஓடினேன், மேசை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டேன். கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் நீ செத்துப்போன சேதி தெரியாத யாராவதாக இருக்கும். ஆடி மாதத்திலிருந்து அப்படித்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஓடுகிறேன். குளிக்கப் போனாலும் உன் போன் கூடவே வருகிறது.

ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை நீ. காரியம் முடிந்த அன்று உன் நைனா போனை என் கையில் திணித்தார். "எவனாவது கட்ட கெடச்சிச்சின்னு கூப்டுவான்மா. பொண்ணு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல. நீயே வச்சிக்க" என்றார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

அந்தக் கட்டைகளை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கார்த்திகையில் நம்மூர் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்து, ஓடை ஓடியபோது நீ விட்ட வேப்பங்கட்டைகள். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகள், உள்ளங்கை அகலம். பெயிண்ட் அடித்தால் தண்ணீரில் போய்விடும் என்று கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொன்றிலும் உன் நம்பரைச் சுட்டு எழுதினாய். ஆபீஸ் நம்பரைப் போடேன் என்றேன். "ஆபீஸ்ல அடிச்சா எவன்டி எடுப்பான்?" என்றாய்.

கடற்கரை ஆய்வகத்தில் மீன் குடலை அறுத்து, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் துணுக்குகளைப் பொறுக்குவது உன் வேலை. ஊர் ஊராகக் குப்பைக் கிடங்குகளை அளப்பது என் வேலை. "நீ போடறதத்தான் நான் பொறுக்கிக்கினு கீறேன்" என்று சிரிப்பாய். நானும் சிரிப்பேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

"கட்டை போற மாதிரியா கவர் போகும்? ஆராய்ச்சின்னு கொண்டுபோனா ஒரு பயலும் ஒத்துக்கமாட்டான்" என்று அன்றைக்கு ஏரிக்கரையில் குடை பிடித்துக்கொண்டு கத்தினேன். நீ முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "எந்தப் பயலுக்குடி காட்டப் போறேன்? உன் பெரியப்பாவுக்குக் காட்டப் போறேன்" என்று திருப்பிக் கத்தினாய். எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் அதற்கு முந்தின மாதம்தான் அந்தக் கிராம சபை. நம்மூர்க் குப்பை முழுவதும் காலனிக்குப் பின்னால், உங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி, கலங்கல் ஓடைக் கரையில்தான் கொட்டுகிறார்கள். மழை வந்தால் ஓடை அதை அள்ளிக்கொண்டு போகும். அடுத்த ஏரி, அதற்கடுத்த ஏரி, பாலாறு, கடல். இதை நீ எழுந்து நின்று பொறுமையாகச் சொன்னாய். முதல் நாற்காலியில் இருந்த என் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கடல் எங்க கீது, நாம எங்க கீறோம்? சும்மா பேஜார் பண்ணிக்கினு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிடங்குகளையே படித்துப் பட்டம் வாங்கிய நான், அந்த நேரம் பார்த்து ஹேண்ட்பேக்கில் எதையோ தேடினேன்.

திரும்பி நடக்கும்போது, "ஒரு வார்த்த பேசியிருக்கலாம் நீ" என்றாய். அவ்வளவுதான், அதற்கப்புறம் நான் வாய் திறக்காததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "எங்க தெரு நாறுதுன்னு எங்கம்மா சொல்லிச்சி, எவனும் கேக்கல. கடலு நாறுதுன்னா கேப்பானுங்களான்னு பாக்கலாம்" என்றாய். வேறு யாரைப் பற்றியோ சொல்கிறாய் என்பதுபோல நான் ம் கொட்டினேன்.

முதல் மழையில் சில போன்கள் வந்தன, ஞாபகம் இருக்கிறதா? "உன் கட்ட என் நாத்தங்கால்ல கீது, வந்து எட்த்துக்கினு போ" என்று ஒருத்தர். தெரியாமல் அடுப்பில் வைத்துவிட்டேன், நம்பர் எரிவதற்குள் படித்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்ட ஒரு அம்மா. அவரோடு நீ அரைமணி நேரம் பேசினாய், என்ன குழம்பு என்பது வரைக்கும். கடலிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

இன்றைக்கு வந்தது. பாலாறு கடலில் சேருகிற இடத்தில் வலை போடுகிறவராம். "எம்மா, நம்பர் போட்ட கட்ட ஒண்ணு வலையில மாட்டிக்கிச்சி. உன்துதானா? பாசி புட்ச்சி கீது, சிப்பி ஒட்டிக்கினு கீது. நம்பரு மட்டும் பளிச்சுன்னு கீது."

அடிப்பாவி, ஜெயித்துவிட்டாயே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்தக் கட்டை உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஏரியிலிருந்து வந்தது, எங்கள் குப்பையும் இதே வழியில்தான் வருகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். வலைக்காரர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. இப்படிக் கேட்டார்: "வலைய இழுத்தா பாதி கவரும்மா. இவ்ளோ தூரம் தாண்டியே இப்டி வந்து சேருதுன்னா, அது கெளம்பற எடத்துல கீறவங்க எப்டிம்மா குடித்தனம் பண்றாங்க?"

நம்மூரில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்! சித்திரை வெயிலில்கூடப் பின்கதவைச் சாத்திவிட்டுத்தான் சோறு போடுவார் உன் அம்மா. ஏன் சாத்துகிறீர்கள் என்று கேட்டதில்லை. எத்தனையோ ஊர்க் கிடங்குகளைப் பற்றி எழுதிய நான் நம்மூர்க் கிடங்கைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வெட்கமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

"உங்க வூடும் அங்கதானாம்மா?" என்று அவர் கேட்டார்.

"இல்லண்ணா. எங்க வூட்டுக் குப்பதான் அங்க போவுது" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன், முகம் தெரியாத ஒருத்தரிடம்.

நாளைக்குக் கிளம்பிப்போய் அந்தக் கட்டையை வாங்கி வரப்போகிறேன். குடியரசு தினத்தன்று கிராம சபை. பெரியப்பா அதே முதல் நாற்காலியில்தான் இருப்பார். கட்டையை அவர் முன்னால் வைப்பேன். ஆனால் கடலைப் பற்றி அப்புறம்தான் பேசுவேன். அந்த மீன்காரர் கேட்டதை முதலில் கேட்பேன், யார் வீட்டுக் குப்பை என்பதையும் நானே சொல்வேன். அன்றைக்கு ஹேண்ட்பேக்கைக் கொண்டுபோகப் போவதில்லை.

உன் போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். மீதிக் கட்டைகள் இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன. அடித்தால் எடுக்க ஆள் இருக்கிறதடி.